தாமதத்தின் செலவு யாருடையது?

சிகிச்சை முடிந்து வைத்தியர் விடை கொடுத்த பின்னும், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இறுதி அனுமதிக்காக நோயாளியை ஆஸ்பத்திரியிலேயே காக்க வைக்கும் அநீதியைத் தடுக்கும் பொருட்டு, மூன்று மணி நேரத்தைக் கடந்த தாமதத்தால் விளையும் அதிகப்படிச் செலவைக் கம்பெனியே தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டுமென்று 2024 மே மாதத்தில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது முற்றிலும் நியாயமே. ஆனால் அனுமதி வேறு, பணம் வேறு. அனுமதித்த தொகை மாதக்கணக்கில் வந்து சேராவிடில், நர்ஸுகளின் சம்பளத்திற்கும் மருந்துக் கடைப் பாக்கிக்கும் சிற்றூர் ஆஸ்பத்திரி எங்கே போகும்? அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில், மின்னணு முறையில் குறையின்றி வந்த கோரிக்கைக்கு 30 நாட்களுக்குள் பணம் தராத கம்பெனி அபராதம் செலுத்துகிறது; கெடு கடந்து 90 நாட்களுக்கு மேலாயின் 18 சதவீத வருஷ வட்டியும் சேர்கிறது. அத்தகைய தண்டனையை, பாலிசிதாரரின் பிரீமியத்தில் ஏற்றாது பங்குதாரர் நிதியிலிருந்தே வசூலிக்கும்படி, நம் ஆணையமும் தயக்கமின்றி விதிக்க வேண்டும்.