"உள்ளே ஆள் இருக்கிறது!"

புலம்பெயர் நாடுகளில் பலரது பொதிகளைத் திரட்டி, ஒரே கொள்கலனில் அடைத்துக் கொழும்புக்குக் கப்பலில் அனுப்பும் தொழிலில் நம்மவர் பலர் இருக்கிறார்கள். "கொழும்பில் உங்கள் சுங்க முகவர் யார்? ஏன் அவரைத் தெரிந்தெடுத்தீர்கள்?" என்று அவர்களிடம் நான் கேட்பதுண்டு. பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான்: "அவருக்கு உள்ளே ஆள் இருக்கிறது, அண்ணை!"

இதை ஒரு தகுதியாகச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு வியப்பு. தகுதி என்பது கிடக்கட்டும். விலகி ஓடவேண்டியதற்கான முதல் அறிகுறியே இதுதான் என்பேன்.

காரணம் எளியது. ஒரு வணிகர் தன் சரக்கைத் தானே இறக்குமதி செய்தால், முகவர் விடும் பிழைக்கு அவரே நட்டப்படுவார். பொதி திரட்டுபவரின் நிலை அதுவன்று. கப்பல் நிறுவனம் முழுக் கொள்கலனுக்கும் ஒரு தாய்ப் பத்திரத்தை வழங்குகிறது. அதன்கீழ் ஒவ்வொரு பொதிக்காரருக்கும் இவர் தனித்தனிப் பத்திரம் எழுதுகிறார். ஐம்பது பேரின் பொருள் ஒரே இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது. அவற்றுள் ஒரு பொதிக்குள் அனுமதியற்ற வானொலித் தொடர்புக் கருவியோ, அளவுக்கு மிஞ்சிய மருந்தோ அகப்பட்டால் மற்ற நாற்பத்தொன்பது பேரின் பொருளும் தேங்கி நிற்கும். தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். மகளின் திருமணத்துக்கென்று யாரோ ஒரு தாய்க்கு அனுப்பப்பட்ட சேலைகள், திருமணம் முடிந்தபின் வந்துசேரும். அந்தத் தாய்க்கு உங்கள் "உள்ளே இருக்கும் ஆள்" பதில் சொல்வாரா?

இன்னொரு பித்தலாட்டமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து திரும்புபவர், தன்னோடு எடுத்துவராமல் தனியே அனுப்பிவைக்கும் பயணப் பொதிக்குச் சுங்கத்தில் தனிச் சலுகை இருக்கிறது. ஊருக்கு வராத ஒருவர் உறவினருக்கு அனுப்பும் அன்பளிப்பு அந்த வகையைச் சேராது. இரண்டையும் ஒன்றாக்கி, எவரோ ஒருவரின் கடவுச்சீட்டைக் காட்டி எடுத்துத் தருகிறேன் என்பவர் முகவரல்லர். உங்கள் வாடிக்கையாளரைக் குற்றத்தில் மாட்டிவிடுபவர். இலங்கையின் சுங்கக் கட்டளைச் சட்டம் 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம். பழையதுதான்; ஆனால் பல்லில்லாததன்று. பறிமுதலும், பொருட்பெறுமதியின் மும்மடங்குத் தண்டமும் அந்தச் சட்டத்துக்குப் புதியவை அல்ல.

"இந்த நாட்டில் கை நனையாமல் எதுவும் நகராது, நீங்கள் ஏட்டுச் சுரைக்காய் பேசுகிறீர்கள்" என்று சிலர் சொல்வார்கள். இலஞ்சம் இல்லையென்று எழுதுமளவுக்கு நான் அப்பாவி அல்லன். ஆனால் கணக்கைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆளுக்கு நாளை இடமாற்றம் வந்தால் உங்கள் முகவரின் முழு மூலதனமும் போய்விடும். 2025 ஜனவரியில் 323 கொள்கலன்கள் பௌதிகச் சோதனையின்றி விடுவிக்கப்பட்ட விவகாரம் நாடாளுமன்றம்வரை சென்றது. அப்படியான நாட்களில் எந்த அதிகாரியும் தன் நாற்காலியைத்தான் காப்பாற்றுவார். உங்கள் கொள்கலனை அல்ல. அப்போது துணைநிற்பது சரியான பத்திரம் ஒன்றே.

ஆகவே முகவரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. உரிமம் உங்கள் பெயரில் உள்ளதா, அல்லது இன்னொருவரின் உரிமத்தின்கீழ் ஓடுகிறீர்களா? பொருட்பட்டியலைக் கப்பல் ஏறுமுன் கேட்பீர்களா, கப்பல் வந்தபின் கேட்பீர்களா? பொருட்களுக்கான சுங்கக் குறியீட்டு எண்ணைத் தீர்மானிப்பவர் யார்? அதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொதுவானவை. அதையடுத்துவரும் இலக்கங்களையும் தீர்வையையும் அந்தந்த நாடே வகுக்கிறது. லண்டனில் எழுதிய எண்ணைக் கொழும்பில் அப்படியே ஒட்டுபவர் தொழில் தெரியாதவர். அரசுக்குச் செலுத்திய தீர்வைக்கு அரச பற்றுச்சீட்டும், உங்கள் கூலிக்குத் தனிச்சிட்டையும் தருவீர்களா? "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே தொகையைச் சொல்பவர் அதற்குள் எதையோ ஒளிக்கிறார்.

கடைசிக் கேள்விதான் தலையாயது: இதுவரை எந்தப் பொதியை ஏற்க மறுத்திருக்கிறீர்கள்? இதற்கு விடையில்லாதவரிடம் ஐம்பது குடும்பங்களின் பொருளை ஒப்படைக்காதீர்கள். "இது சரிவராது, இறக்கிவிடுங்கள்" என்று கொள்கலன் பூட்டப்படுமுன் சொல்லும் முகவர் சற்று அதிகம் கேட்பார், கொடுங்கள். மலிவாக முடித்துத் தருகிறேன் என்பவருக்கு மிச்சத்தைக் கட்டப்போவது நீங்களல்ல, உங்களை நம்பிப் பொதி கட்டித் தந்தவர்கள்தாம்.