இரண்டு சம்பளத் துண்டும் ஒரே பாயில் இருக்கட்டும்

தோட்டங்களில் மாதர் கூட்டம் நடக்கும்போது சம்பளம், கொழுந்து நிறை, லயத்துக் கூரை என்று பேசி முடித்த பிறகு, எழுந்து போகிற நேரத்தில் யாராவது ஒரு சகோதரி மெதுவாகக் கேட்பார்: "நான் ஒருத்தி மட்டும் மிச்சம் புடிச்சு என்னா செய்யிறது? அவரு சொன்னா கேக்கமாட்டேங்கிறாரே." ஆண்கள் பக்கம் போனால் அதே பாட்டு வேறு மெட்டில் கேட்கும்: "அவளுக்கு எங்க வெளங்குது? கிழமைக்கு ஒரு லோன். கேட்டா சண்ட." இது புருஷன் பெண்சாதி விஷயம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சில தலைவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தொழிலாளர் வீட்டில் பணம் போதாமல் இருப்பதற்குக் காரணம் சம்பளம் போதாமல் இருப்பதுதான். சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் "இவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் செலவழிக்கத் தெரியாது, குடித்துத் தீர்த்துவிடுவார்கள்" என்று கோட்டுப் போட்டவர்கள் சொல்வதை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்தப் பேச்சுக்குத் தலையாட்ட இதை எழுதவில்லை. ஆனால் சம்பளம் கூடும்வரை வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. கடைக்காரருக்கும் கிழமைக் கடன்காரருக்கும் கழுத்துவரை கடன் வைத்திருக்கிற வீடு, வேலைநிறுத்தம் என்று சங்கம் சொன்னால் எத்தனை நாள் தாங்கும்? மூன்றாம் நாள் காலையில் பிரட்டுக் களத்துக்கு முதலில் போய் நிற்க வேண்டிய நிலை அந்த வீட்டுக்குத்தான் வருகிறது. அவர்களைக் கருங்காலி என்று திட்டுவது சுலபம். அவர்களை அங்கே தள்ளியது கடைக் கொப்பி.

கடனால் நம்மைக் கட்டிப்போடுவது புதிதல்ல. துண்டு என்ற சொல்லுக்கு நமது பாட்டன் பூட்டன் காலத்தில் வேறு அர்த்தம் இருந்தது. ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமென்றால், அவர் பெயரில் இருக்கும் கடனை அடைத்தால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுக்கிற சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். கடன் ஆளோடு கூடவே நடந்து போனது. 1921இல் அந்த முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இன்று துண்டு என்றால் பத்தாந் திகதி கையில் தருகிற சம்பளத் துண்டு. அதைத்தான் இப்போது எடுத்துப் பார்க்க வேண்டும்.

2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதை வைத்தே கணக்குப் போடுவோம். பிறகு கூடினால் கூடிய தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான். ஊழியர் சேமலாப நிதிக்கு நமது பங்கு 8 வீதம் என்று வைத்தால் 108 ரூபா கழியும். மிச்சம் 1,242. மாதத்தில் 22 பேர் விழுந்தால் 27,324 ரூபா. அதில் தீபாவளி முற்பணத் தவணை, கோயில் பணம், சந்தா, அது இது என்று ஒரு 2,500 கழிந்தால் கையில் 24,824. கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்த நாட்களை நாம் இதில் சேர்க்கவில்லை. மழைக்காலத்தில், கவ்வாத்து வெட்டிய மலைகள் கூடின மாதத்தில், 22 பேரே கனவுதான்.

இனி ஒத்துழைக்காத துணையிடம் எப்படிப் பேசுவது?

ரூபாவில் பேசாதீர்கள். பேரில் பேசுங்கள். இதுதான் எங்கள் முக்கியமான யோசனை. "ஏங்க, மாசம் மூவாயிரம் வீணாகுது" என்றால் அது காதில் ஏறாது. மூவாயிரம் என்பது இந்தக் காலத்தில் காற்றில் பறக்கிற தொகை. "ஏங்க, இது ரெண்டரப் பேரு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டரை நாள் மலையில் அட்டைக் கடியோடு, முதுகில் கூடையோடு, நனைந்த படங்கோடு நின்றது கண்ணுக்கு முன்னால் வரும். போனுக்கு நாளொன்றுக்கு 100 ரூபா ரீலோட் போட்டால் மாதம் 3,000. அதுதான் அந்த இரண்டரைப் பேர். கிழமைக்கு 1,500 கட்டுகிற கடன் ஒன்று இருந்தால் மாதம் 6,000, ஏறக்குறைய ஐந்து பேர். அதாவது ஒரு கிழமை வேலை முழுக்க அந்தக் கடனுக்கே போகிறது. போத்தலின் விலையை நாங்கள் இங்கே எழுதப் போவதில்லை. வாங்குகிறவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அதை 1,242ஆல் அவரே வகுத்துப் பார்க்கட்டும்.

இந்தக் கணக்கில் இன்னொரு நன்மை உண்டு. பேர் என்பது இருவருக்கும் தெரிந்த அளவு. புருஷன் தோட்டத்தில் பதிவு இல்லாமல் மரக்கறித் தோட்டத்திலோ, கட்டட வேலையிலோ, கொழும்பில் கடையிலோ நின்றாலும், அவர் அம்மாவின் முதுகிலும் அதே கூடைதான் இருந்தது. யாரும் அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அடுத்தது மறைப்பு. நாங்கள் பார்த்தவரை வீட்டில் சிக்கனம் நிலைக்காமல் போவதற்குப் பேராசையைவிடப் பெரிய காரணம் இதுதான். வெளிவேலைக்குப் போகிற ஆணின் காசு அன்றன்றைக்குக் கையில் வருகிறது. எவ்வளவு வந்தது, வரும் வழியில் எவ்வளவு போனது என்பது வீட்டுக்குத் தெரியாது. பெண்ணின் சம்பளமோ ஊரறிந்தது. செக்ரோலில் இருக்கிறது, தோட்டமே அறியும். ஆகவே வீட்டுச் செலவு முழுவதும் அந்தத் தெரிந்த சம்பளத்தின் தலையில் விழுகிறது. அது போதாமல் அவர் கடன் குழுவில் சேர்கிறார். புருஷனுக்குச் சொன்னால் சத்தம் வரும் என்று சொல்வதில்லை. முதல் கடனின் தவணையை அடைக்க இரண்டாவது குழு. அறவிட வருகிறவர் வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் விஷயம் வெளியே வரும். ஒருவர் வருமானத்தை மறைக்கிறார், மற்றவர் கடனை மறைக்கிறார். இந்த நிலையில் "சீனியைக் குறை, லைட்டை அணை" என்று ஒருவருக்கொருவர் புத்தி சொன்னால் கோபம் வராமல் என்ன வரும்?

அதனால்தான் பத்தாந் திகதி ராத்திரி, பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, பாயில் மூன்று சாமான்களை வையுங்கள் என்கிறோம். இரண்டு பேருடைய சம்பளக் கணக்கு, கடைக் கொப்பி, கடன் அட்டைகள் எல்லாம். வெளிவேலைக்குப் போகிறவருக்குச் சம்பளத் துண்டு இல்லையென்றால் அவர் ஒரு தாளில் தன் கையால் எழுதட்டும். முதல் மாதம் யாரும் யாரையும் எதையும் குறைக்கச் சொல்ல வேண்டாம். பார்த்தால் போதும். கடைக் கொப்பியில் எழுதியிருப்பது நீங்கள் வாங்கியதுதானா என்பதையும் பாருங்கள். பிள்ளையை அனுப்பிக் கடனுக்கு வாங்கும் வீடுகளில் மூன்றில் ஒரு வரி யாருக்கும் ஞாபகம் இல்லாத வரியாக இருக்கும். வீட்டிலும் ஒரு கொப்பி வைத்து, கடையில் எழுதும்போதே இதிலும் எழுதிவிட்டால் மாத முடிவில் சண்டை கடைக்காரரோடு இருக்கும், வீட்டுக்குள் இருக்காது.

முதல் பேச்சே பாதியில் சண்டையாக முடியலாம். ஒளித்து வைத்த கடன் ஒன்று வெளியே வந்தால் நிச்சயம் சத்தம் வரும். அப்போது கடன் எடுத்தவரிடம் "யாரைக் கேட்டு எடுத்தாய்" என்று கேட்பதற்கு முன்னால், எதற்காக எடுத்தார் என்று பாருங்கள். பெரும்பாலும் பிள்ளையின் டியூஷன், ஆஸ்பத்திரிச் செலவு, ஒழுகிற தகரம் என்றுதான் இருக்கும்.

குறைப்பது என்று வரும்போது, சிக்கனத்தைப் பற்றி முதலில் வாய் திறந்தவர் தன் செலவில் முதலில் கை வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை என்பது எங்கள் கருத்து. மனைவியின் சோப்பையும் பிள்ளையின் பிஸ்கட்டையும் கணக்குப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைப் போத்தலைப் பேச்சில் சேர்க்காத ஆண் எதையும் சாதிக்கப் போவதில்லை. தவணைக்கு வாங்கிய பெரிய டீவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அவர் குடிக்கிற தேத்தண்ணிக்குச் சீனி குறைக்கிற பெண்ணும் அப்படித்தான்.

மறுக்கிறவரின் மனதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். "எல்லாரும் வாங்குறாங்க, நாம மட்டும் என்னா பிச்சக்காரங்களா?" என்ற பேச்சை வெறும் வீம்பு என்று தள்ளிவிட நாங்கள் தயாரில்லை. நூறு வருஷத்துக்கு மேலாக அளந்து போட்டதைத் தின்றவர்கள் நாம். ரொட்டிக்குக் கட்டச் சம்பல் மட்டும் போதும் என்று மற்றவர்கள் தீர்மானித்த வாழ்க்கை அது. 2022இல் கோதுமை மா விலை ஏறியபோது அந்த ரொட்டியும் பாதியானதை யாரும் மறக்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த ஒருவர், தீபாவளிக்குப் பிள்ளைக்கு நல்ல சட்டை எடுக்கவேண்டும் என்று நின்றால், அது ரோஷம். அந்தச் சட்டையை வெட்டாதீர்கள். மாதாமாதம் தெரியாமல் ஒழுகுவதை அடைத்து அந்தச் சட்டையைக் கைக்காசில் வாங்க வழி பாருங்கள். அதேபோல ஆளுக்கு ஒரு சிறு தொகை, கேள்வி கேட்காத காசாக, ஒதுக்கி வைப்பதும் அவசியம். வெற்றிலைக்கோ, சினிமாவுக்கோ, பூவுக்கோ போகட்டும். எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்டால் மறுபடி மறைக்கத்தான் தோன்றும்.

மிச்சம் பிடிப்பதற்கு ஒரு பெயரும் வேண்டும். சும்மா சேர்ப்போம் என்றால் சேராது. மூத்தவளின் உயர்தர வகுப்புக்கு என்றோ, அடுத்த மழைக்குள் கூரைக்கு நாலு தகரம் என்றோ சொல்லிச் சேர்த்தால், வேண்டாவெறுப்பாக இருந்தவரும் தகரம் வந்து இறங்கும் நாளில் தோள் கொடுப்பார். சீட்டுப் பிடிப்பதானால் தெரிந்தவரிடம், இருவருக்கும் தெரிந்து பிடியுங்கள். மாமியார் முன்னாலோ பிள்ளைகள் முன்னாலோ துணையின் செலவைச் சொல்லிக் காட்டாதீர்கள். லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும் என்பதை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெண்ணின் சம்பளத்தை ஆண் போய் வாங்குகிற பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1984 வேலைநிறுத்தத்தின் பலனாகத்தான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது வந்தது. சமமாக உழைத்து, சமமாகப் போராடி வாங்கிய சம்பளம். அதை மேசையில் வாங்கும் கை மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்? தன் காசைத் தன் கையில் தொட்டுப் பார்க்காத ஒருவரிடம் சிக்கனம் பேசுவதில் நியாயமில்லை. வங்கிக் கணக்கில் சம்பளம் விழுகிற தோட்டங்களில் இப்போது ஏ.டி.எம். அட்டை புருஷனின் சட்டைப்பையில் இருக்கிறது. பழைய வழக்கம் பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் நாங்கள் சமரசம் பேசவில்லை. கணக்குக் கேட்டால் அடி விழுகிற வீடுகள் இருக்கின்றன. அங்கே பாய் விரித்துப் பேசுங்கள் என்று சொல்வது ஆபத்தான யோசனை. அந்த வீட்டில் அரிசிப் பானைக்குள் ஒரு பெண் ஒளித்து வைக்கிற காசை மறைப்பு என்று நாங்கள் சொல்லமாட்டோம். அது அவருக்கும் பிள்ளைகளுக்கும் காவல். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் தோட்டத்துக்கும் செல்லும். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். தோட்டத் தலைவியிடம் சொல்லுங்கள். தலைவிகள் அதைக் குடும்ப விஷயம் என்று திருப்பி அனுப்பக்கூடாது.

வாசிக்க முடியாத சம்பளத் துண்டை வைத்துக்கொண்டு வீட்டில் கணக்குப் பார்க்க முடியாது. கழிவுகளை ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் அச்சடித்துத் தருகிற தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. எது முற்பணம், எது சந்தா, எது வேறு யாருக்கோ போகிற பணம் என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கழிவும் தமிழில், முழுச் சொல்லில் இருக்க வேண்டும், துண்டு அவரவர் கையில் தரப்பட வேண்டும் என்று கமிட்டித் தலைவர்கள் அடுத்த மாதப் பத்தாந் திகதிக்கு முன் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்கவும். கொடுத்த கடிதத்தின் பிரதி ஒன்றை மாவட்டக் காரியாலயத்துக்கும் அனுப்புங்கள்.