வாடகைக்காரர் வைத்த கடன் யார் தலையில்?

இது கோயில் விஷயம் இல்ல. ஆனா அன்னதானம் முடிஞ்சு உட்கார்ந்தா அடிக்கடி காதுல விழுற விஷயம். கொஞ்சம் பொறுமையா படிங்க.

நமக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் சின்ன ரெனோவேஷன் கான்ட்ராக்டர். ஒரு கடையை வாடகைக்கு எடுத்தவர் சாப்பாட்டுக் கடை போட, இவர்தான் வயரிங், டைல்ஸ், சமையல்கட்டு எல்லாம் செஞ்சு கொடுத்தார். நாலே மாசத்துல கடையை மூடிட்டாங்க. போனும் ஆஃப். பாக்கி 4,800 வெள்ளி. கடை ஓனரைக் கேட்டா, "நானா உங்களுக்கு வேலை கொடுத்தேன்?"ன்னு முடிச்சிட்டார். அப்புறம் அதே சமையல்கட்டைக் காட்டி, வாடகையைக் கூட்டி வேற ஆளுக்கு விட்டாச்சு.

"கடை மேல கேவியட் போடு"ன்னு சிலர் யோசனை சொன்னாங்க. அமெரிக்கா, கனடாவுல கூலி வராத கான்ட்ராக்டர் சில சமயம் அந்தச் சொத்து மேலயே உரிமை பதிய வழி உண்டு. நம்ம நாட்டுல அப்படி இல்ல. தேசிய நிலச் சட்டப்படி, நிலத்துல உரிமை கோருறவர்தான் தனியார் கேவியட் போடலாம். வெறும் கடன் பாக்கி போதாது. காரணம் இல்லாம போட்டா, நாமதான் நஷ்டஈடு கட்ட வேண்டி வரும். உள்ள புகுந்து கழட்டிட்டு வந்தா போலீஸ் கேஸ்.

என்னைக் கேட்டா, இந்தச் சட்டம் சரிதான். இ.பி.எஃப். காசுல ஒரே ஒரு வீடு வாங்கி, அந்த வாடகையில சாப்பிடுற எத்தனை அம்மாமார் இருக்காங்க! யாரோ வைத்த கடனுக்கு அவங்க வீட்டை எப்படிப் பிடிக்கிறது?

ஆனா சட்டம் சரின்னா நாம செய்யறது எல்லாம் நியாயம் ஆயிடாது. அடுத்தவன் உழைப்பைக் காட்டி வாடகையைக் கூட்டிட்டு, "எனக்குச் சம்பந்தமே இல்ல"ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

ஓனர்மாருக்கு ஒரு வேண்டுகோள். வேலைக்குச் சம்மதம் கேட்டா எழுத்துல கொடுங்க. காசு யார் கட்டுறாங்கன்னு அதுலயே எழுதுங்க. கான்ட்ராக்டருக்குப் பணம் கட்டின ரசீதை வாடகைக்காரர்கிட்ட கேட்டு வாங்குங்க. அதுக்கு அப்புறம் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுங்க.

கான்ட்ராக்டர் தம்பிகளே, எங்க பேக்டரியில பி.ஓ. இல்லாம ஒரு ஸ்க்ரூகூட உள்ள வராது. நீங்க மட்டும் ஏன் வாய்ப்பேச்சை நம்பி வேலையை ஆரம்பிக்கிறீங்க? வேலை கொடுக்கிறவர் ஓனரா, வாடகைக்காரரான்னு முதல்ல கேளுங்க. வாடகைக்காரர்னா முன்பணம் வாங்கி, மீதியைக் கட்டம் கட்டமா வாங்குங்க. ஐ.சி. நகல், கையெழுத்து போட்ட கொட்டேஷன், வேலை நடந்த படம் எல்லாம் வச்சுக்குங்க.

பாக்கி 5,000 வெள்ளிக்குள்ள இருந்தா மாஜிஸ்திரேட் கோர்ட்டுல சிறு கோரிக்கை வழக்கு நீங்களே போடலாம், வக்கீல் வேணாம். தீபகற்ப மலேசியாவுல அதுக்கு ஆறு வருஷம் டைம் இருக்கு. ஆனா கையில தாள் இல்லன்னா அங்க போயும் என்ன பேசுவீங்க?

உங்க வீட்டுல கான்ட்ராக்ட் வேலை செய்யிற பிள்ளைங்க இருந்தா இதைக் காட்டுங்க. வாடகைக்கு விடுறவங்க இருந்தா அவங்களுக்கும் காட்டுங்க.