ஒண்ணுமே கிடைக்காத ஊரில் ஒரு புளிக்குழம்பு

"இங்க ஒண்ணுமே கெடைக்காது." ஹட் பேக்கு மாற்றலாகி வருகிற நம்ம ஆட்கள் முதல் வாரத்திலேயே மனப்பாடம் பண்ணிக்கொள்ளும் வாக்கியம் இது. டாக்டர், வாத்தியார், இன்ஜினியர், பேங்க் ஆபீசர், ஒரு பேதமும் கிடையாது. ஊருக்குப் போன் போட்டால் இதுதான், சாயங்காலம் டீக்கடையில் நின்றால் இதுதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்தான் இந்தப் பதிவு. கடை ஒப்பீடு உண்டு, சமையல் குறிப்பு உண்டு, நடுவில் கொஞ்சம் திட்டும் உண்டு. பிடிக்காதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம் :-)

தெரியாதவர்களுக்காக: லிட்டில் அந்தமான் தீவின் துறைமுகம் ஹட் பே. போர்ட் பிளேருக்கு (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்) தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். கப்பலில் ஏழெட்டு மணி நேரம். அந்தப் போர்ட் பிளேருக்கே சென்னையிலிருந்து மூன்று நாள் கடல். ஆக, உங்கள் சாம்பாரில் கிடக்கிற துவரம் பருப்பு இரண்டு கப்பல் மாறி வந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. இதெல்லாம் தெரிந்த பிறகும் சின்ன வெங்காயம் இல்லை, முருங்கைக்காய் இல்லை என்று மூக்கைச் சிந்தினால் என்ன செய்வது?

சரி, கடைகள். பஜாரில் இருக்கிற பலசரக்குக் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு, புளி, வத்தல், எண்ணெய் எல்லாம் உண்டு. நான் போகிற கடை அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கம். "கொள்ளையடிக்கிறாங்க சார்" என்று நம்ம ஆட்கள் திட்டுவது இவரைத்தான். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பாக்கெட்டில் அடைத்த பொருளுக்கு நாடு முழுக்க ஒரே எம்.ஆர்.பி. சென்னை தி.நகரில் விற்றாலும் ஹட் பேயில் விற்றாலும் அதற்கு மேல் வாங்கினால் சட்டப்படி குற்றம். கம்பெனிக்காரன் அச்சடிக்கும்போது ஹட் பே கப்பல் கூலியை நினைத்தா அச்சடிக்கிறான்? அந்தக் கூலி எங்கேயாவது ஏறித்தானே ஆகவேண்டும். எங்கே ஏறும்? சில்லறையாக நிறுத்துத் தருகிற பருப்பிலும் வெங்காயத்திலும்தான். பாக்கெட் சாம்பார்ப் பொடியை ஊர் விலைக்கே வாங்கிக்கொண்டு, உதிரிப் பருப்பைக் காட்டி அண்ணாச்சியைத் திருடன் என்பது நியாயமில்லை. எடையில் கை வைக்கிற கடையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அதைத் தராசைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள், விலைப்பலகையைப் பார்த்து அல்ல.

அடுத்தது கப்பல் காய்கறிக் கடை. கப்பல் வந்த அன்று இங்கே திருவிழாக் கூட்டம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், குடைமிளகாய். ஐந்தாறு நாள் மூட்டையில் வெந்து வந்த பீன்ஸை நம்ம ஆட்கள் தங்கம் மாதிரி பொறுக்குவார்கள். வாடிப்போனதற்கு வாடாததன் விலை கொடுப்பதில் என்ன பெருமையோ!

மூன்றாவது இடத்துக்குத்தான் நம்மவர்கள் போவதே இல்லை. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் வங்காளிப் பெண்கள். ராமகிருஷ்ணபூர், விவேகானந்தபூர், நேதாஜி நகர்ப் பக்கத்திலிருந்து காலையில் வந்துவிடுவார்கள். கொடிப்பசலை (அவர்களுக்குப் புயி சாக்), வள்ளைக்கீரை, சேப்பங்கிழங்கு, சேம்பந்தண்டு, பரங்கி, சுரை, பீர்க்கு, வாழைப்பூ, வாழைத்தண்டு, பச்சைத் தேங்காய். ராத்திரி பறித்தது, காலையில் உங்கள் கையில். தங்கமணி ஒரு நாள் ஒரு சாக்கு முன்னால் நின்று எண்ணிப் பார்த்தார், பதினோரு வகை. ஒண்ணுமே கிடைக்காத ஊரில்!

"அது பெங்காலிங்க சாப்பிடுறது சார்" என்றார் ஒரு நண்பர். ஐயா, சேப்பங்கிழங்கும் கொடிப்பசலையும் வாழைத்தண்டும் உங்கள் பாட்டி சமைக்காததா? பெயர் வேறு பாஷையில் இருந்தால் காய் அந்நியமாகிவிடுமா?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான். காசு கையில் புழங்குகிற சம்பளக்காரர்கள் எல்லாரும் கப்பல் பீன்ஸுக்கு ஓடினால், சாக்குக்காரர் பத்து மணிக்கு மிச்சத்தைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார். நான் வழக்கமாக வாங்குகிற தீதி போன வருடம் கீரைப் பாத்தியில் பாதியை எடுத்துவிட்டுப் பாக்குக் கன்று வைத்துவிட்டார். பாக்கு அழுகாது, யாரும் மூஞ்சி சுளிக்க மாட்டார்கள் என்றார். இப்படி ஒவ்வொரு பாத்தியாகப் பாக்குக்குப் போனால், அடுத்த முறை கப்பல் ரத்தாகும்போது நிஜமாகவே ஒண்ணும் கிடைக்காது.

'ஒண்ணுமில்லை' என்ற பேச்சுக்கு இந்தத் தீவில் பழைய சரித்திரம் உண்டு. முழுத் தீவும் ஓங்கே மக்களுடையது, 1957-ல் பழங்குடிக் காப்பகமாகவும் அறிவித்தார்கள். பிறகு 1960-களின் கடைசியிலிருந்து காட்டை வெட்டிக் கிழக்கு வங்க அகதிகளைக் குடியேற்றினார்கள். அந்த அகதிகளின் பிள்ளைகள்தான் இன்று சாக்கு விரிப்பவர்கள். ஓங்கேக்கள் இன்று நூறு பேரைச் சுற்றித்தான். 1970-களில் சுமார் 1,600 ஹெக்டேரில் செம்பனைத் தோட்டம் போட்டார்கள். அத்தனை பனையையும் நட்ட தீவில் நான் வாங்குவது கப்பலில் வந்த எண்ணெய்! 2021-ல் நிதி ஆயோக் திட்டம் ஒன்று வெளியே வந்தது, சிங்கப்பூருக்குப் போட்டியாக இங்கே ஒரு புது நகரமாம். வெறும் இடம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

கடுப்பு போதும், குழம்புக்கு வருவோம். கால் கிலோ சேப்பங்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து வட்டமாக நறுக்கி, கொஞ்சம் எண்ணெயில் முறுகலாக வறுத்து வையுங்கள். வழவழப்பு அடங்கும். நாக்கு அரிக்கும் என்று பயப்படுபவர்களுக்கு: கிழங்கில் இருக்கிற ஆக்சலேட் ஊசிகள்தான் காரணம், நன்றாக வெந்தால் பெரும்பாலும் போய்விடும், புளி சேர்ப்பதும் அதற்குத்தான் என்பார்கள் பெரியவர்கள். அரைவேக்காட்டில் இறக்காதீர்கள், அவ்வளவுதான். எலுமிச்சையளவு புளியைக் கரைத்து மஞ்சள், உப்பு, இரண்டு ஸ்பூன் குழம்புப்பொடி போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். வறுத்த கிழங்கும் ஒரு கைப்பிடி கொடிப்பசலையும் சேருங்கள், தண்டையும் விடாதீர்கள். அரை மூடித் தேங்காயைச் சீரகத்தோடு அரைத்து ஊற்றி ஒரே கொதியில் இறக்குங்கள். கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளிப்பு. பருப்பு வேண்டாம், சின்ன வெங்காயம் வேண்டாம், முருங்கைக்காய் வேண்டாம். கப்பலில் வந்தது புளி, பொடி, உப்பு, எண்ணெய், தாளிப்புச் சாமான். சட்டியில் கனமாகக் கிடப்பதெல்லாம் இந்த மண்ணில் விளைந்தது.

மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். கரண்டை நம்பி ஃப்ரிட்ஜில் வைக்காமல், ராத்திரியும் காலையிலும் ஒரு தடவை நன்றாகக் கொதிக்க வைத்துவிடுங்கள். தேங்காய் சேர்த்தது, மதியத்தைத் தாண்டாது.