யாரும் கேட்காத கேள்வி

2024 நவம்பரில் பாரன் தீவு அருகே மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்து கடலோரக் காவல் படை கைப்பற்றிய மெத்தம்ஃபெட்டமைன் ஏறக்குறைய ஆறு டன். அந்தமானின் போதைக் கணக்கு என்றால் நாட்டுக்குத் தெரிந்தது அதுதான். போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீவிஜயபுரம்) ஒட்டிய பத்துபஸ்தியில், முதுகைப் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் போகும் தொழிலாளியின் சட்டைப் பையிலுள்ள மாத்திரை அட்டை இந்தக் கணக்கில் வராது.

சிமென்ட் மூட்டையும் கம்பியும் தூக்கிய உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்? ராத்திரி ஒரு குவார்ட்டர், காலையில் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் எலும்பு வைத்தியரோ வர்ம ஆசானோ. 1895-ல் அமெரிக்காவில் டி.டி. பாமர் தொடங்கிய கைரோபிராக்டிக்கும் கையால் முதுகெலும்பைச் சரிசெய்யும் முறைதான். பெருநகரங்களில் கட்டணம்தான் வேறு.

எங்கே வலிக்கிறது என்று கேட்பார்கள். எவ்வளவு குடிக்கிறாய் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டால் நல்லது. நெடுநாள் குடி, தொடை எலும்பின் பந்து முனைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து அதை அழுகச் செய்யலாம். வலி தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் தெரியும். இடுப்புப் பிடிப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் இழுத்து நீவிக்கொண்டிருந்தால், பந்து நொறுங்கிய பிறகு அறுவை சிகிச்சைதான். குடியால் வலுவிழந்த எலும்பை வேகமாகச் சொடுக்குவதும் ஆபத்து.

டிரமடால் கதை வேறு. அபின் வகையைச் சேர்ந்த இந்த வலி மாத்திரை 2018 ஏப்ரலில்தான் போதைப் பொருள் சட்டத்துக்குள் வந்தது. பழகியவர் திடீரென நிறுத்தினால் உடம்பெல்லாம் வலிக்கும். பழைய முதுகு வலி திரும்பிவிட்டதாக நினைத்து இன்னொன்றைப் போடுவார். மதுவோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகும்.

கை வைத்தியம் மாத்திரையைக் குறைக்காதா? அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கைரோபிராக்டிக் பெற்றவர்கள் அபின் வகை மருந்து வாங்கும் வாய்ப்பு 55 சதவீதம் குறைவு. மாத்திரை பிடிக்காதவர்கள்தான் அங்கே போனார்களோ என்னவோ.

தீவில் குணமாகாமல் சென்னைக்குக் கப்பலேறுபவர் பாடு இன்னும் சிக்கல். பயணம் சுமார் 60 மணி நேரம். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமை வரக்கூடும், அதுவும் நடுக்கடலில். முன்பே யாராவது கேட்டிருந்தால், கரையிலேயே டாக்டரின் கண்காணிப்பில் படிப்படியாக நிறுத்தியிருக்கலாம். போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446.