குழந்தை யார் கட்சி?

சென்ற வாரம் என் வகுப்புப் பையன் ஒருவன் மத்தியான்ன இடைவேளையில் தயங்கித் தயங்கி என்னிடம் வந்து நின்றான். "ஸார், கோர்ட்டிலே ஜட்ஜ் கேட்டால் நான் அம்மா கட்சி என்று சொல்ல வேண்டுமா, அப்பா கட்சி என்று சொல்ல வேண்டுமா?" என்றான். வயது பத்து. பாடத்தில் எந்தச் சந்தேகத்துக்கும் உடனே விடை சொல்லிப் பழகிய எனக்கு அன்று நா எழவில்லை.

சிமெண்டு லாரிகள் ஓடும் எங்கள் ஆலத்தியூர்ப் பக்கத்திலும் தம்பதிகள் பிரிவது இப்போது புதுமையன்று. பிரிவது சரியா, தவறா என்று கூற நான் முன்வரவில்லை. சேர்ந்து வாழ்வது நரகமானால், பிரிந்து வாழ்வதே மேல். ஆனால் பாத்திரம் பண்டங்களைப் போலப் பிள்ளையையும் பங்கு போடப் பார்க்கிறார்களே, அதுதான் மனத்தை உறுத்துகிறது.

இவ்விஷயத்தில் சட்டம் நம்மைவிடக் கருணையுள்ளதாயிருக்கிறது. 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டம் வெள்ளைக்காரர் ஆட்சியில் பிறந்ததுதான். அதுவுங்கூட மைனரின் க்ஷேமத்தைக் கவனிக்கச் சொல்லிற்று. சுதந்திர பாரதத்தின் பார்லிமெண்டு 1956-ல் இயற்றிய ஹிந்து மைனர் சட்டமோ, குழந்தையின் க்ஷேமமே எல்லாவற்றிலும் தலையாயது என்று அறுதியிட்டு விட்டது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. சென்னை ஹைகோர்ட்டிலிருந்து சென்ற ஓர் அப்பீலில், 1973-ல் ஸுப்ரீம் கோர்ட்டு, குழந்தைகள் பெற்றோரின் உடைமையுமல்ல, விளையாட்டுப் பொம்மையுமல்ல என்று இடித்துரைத்தது. இத்தகைய உத்தரவுகள் நிலைமைக்குத் தக்கபடி மாறக்கூடியவை என்றும் சொல்லிற்று. 2020-ல் அதே கோர்ட்டு, பிள்ளையைப் பிரிந்திருக்கும் தாயோ தகப்பனோ, விசேஷக் காரணம் இல்லாத வரையில், தினந்தோறும் 5 முதல் 10 நிமிஷமாவது அதனுடன் பேச இடமிருக்க வேண்டும் என்றது.

கோர்ட்டார் நாளும் மணியும் குறிக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை தலைவாரிப் பொட்டிட்டு வாசலில் காத்திருக்கும் குழந்தையைப் பார்க்கத் தகப்பனார் வராமற்போனால், எந்த உத்தரவு அதன் கண்ணீரைத் துடைக்கும்? பார்த்துவிட்டுத் திரும்பிய குழந்தையிடம், "அங்கே என்னைப் பற்றி என்ன பேசினார்கள்?" என்று தாயார் துருவினால், எந்த ஜட்ஜ் வந்து தடுப்பார்? பிள்ளையைப் பார்க்கும் நேரம் வழக்கில் ஜயித்தவருக்குக் கிடைத்த பரிசு அன்று. பிள்ளைக்குச் சேரவேண்டிய கடன். அதைத் தவறாமல் செலுத்த வேண்டியவர்கள் பெற்றவர்களே.

மறுநாள் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "தம்பி, ஜட்ஜ் கேட்டால் உன் மனத்தில் உள்ளதைச் சொல். ஆனால் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை, உன் வேலையன்று. இரண்டு பேரிடமும் நீ பிரியமாயிருப்பது குற்றமும் அன்று" என்றேன். அவன் முகம் சற்றே தெளிந்தது.

இந்த நாலு வார்த்தையை அவனைப் பெற்றவர்கள் சொல்லியிருந்தால், வாத்தியாரிடம் வந்து அவன் கேட்டிருக்க வேண்டியதில்லை!