'இந்தியர்' என்று எழுதியது யார்?



பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பாரம் நிரப்பியிருப்பீர்கள். 'இனம்' என்ற கட்டம் வந்ததும் பேனா தயங்காமல் 'இந்தியர்' என்று எழுதிவிடும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கொள்ளுப்பாட்டனாரிடம் அதையே கேட்டிருந்தால்? ஊரைச் சொல்லியிருப்பார், சாதியைச் சொல்லியிருப்பார். 'இந்தியர்' என்ற சொல் அவர் வாயில் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

அந்தப் பெயர் ஏட்டில் வளர்ந்தது. 1891-இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவில் வெள்ளைக்காரர் எடுத்த குடிக்கணக்கில், 'தமிழரும் இந்தியாவின் மற்றச் சுதேசிகளும்' என்று ஒரு தலைப்பு. பார்சிக்காரரும் பர்மாக்காரரும்கூட அதற்குள் அடக்கம்! தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவர 1907-இல் ஏற்பட்ட நிதிக்குப் பெயர் தமிழர் குடியேற்ற நிதி. பின்னர் அதுவே இந்தியர் குடியேற்ற நிதி ஆயிற்று. கப்பலில் வந்தவர் என்னவோ அதே ஆள்தான்.

ஏட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை, சம்பளத்துக்கும் வந்தது. 1920களின் இறுதியில் பல வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளருக்கென்று வைத்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சீனர் பெரும்பாலும் தங்கள் குத்தகைத் தலைவன் மூலம் வேறு கணக்கில் வேலை செய்தார்கள். அதே பால்மரம், அதே உளி; கூலி மட்டும் வேறு. லயமும் பேச்சும் வேறு. இவர் முரண்டு பிடித்தால் அவர் இருக்கிறார் என்பது துரைமாரின் தைரியம். சீனர் நமக்குப் போட்டி என்று நம்மவர் நினைத்ததில் வியப்பென்ன?

நமக்குள்ளேயும் படிகள் இருந்தன. கிராணி பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர் அல்லது மலையாளி. விடியலில் பெரட்டில் நிற்பவர் தமிழர், தெலுங்கர். லயத்தில் சாதிக்கொரு பக்கம். ஏட்டில் எல்லாரும் இந்தியர். கிராணி வீட்டு வாசலில் அப்படி இல்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டாலும் கிராணியைக் கண்டாலும் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தலைவர் ஆர்.எச்.நாதனை நாடு கடத்தினார்கள். ஒரு கூலிக்காரன் இன்னொரு கூலிக்காரனின் சம்பளத்தைச் சுட்டிக்காட்டி, எனக்கும் அதைக் கொடு என்று கேட்டதற்கு இவ்வளவு!

வீட்டுப் பெட்டியில் பழைய பிறப்புப் பத்திரமோ கப்பல் சீட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாட்டனார் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.